எட்டு மணி நேரச் சட்டம் எங்களுக்கும் உண்டு: தொழிலாளர் நலத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு தொழிலாளர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கும் தொழிலாளர் ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சென்னையில் ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையில் பல வருடங்களாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐ.டி. நிறுவனங்களில் ஊழியர்கள் உண்மையில் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று உங்கள் துறை கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். அது உண்மைதானா என்று சரிபார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைக்குப் பொருந்துவதுபோலவே சிறுசேரி சிப்காட்டின் கண்ணாடிக் கட்டடங்களுக்கும் பொருந்தும். அதன் 14ஆம் பிரிவு, ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. கூடுதல் நேரத்தைச் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணியையும் வாரத்துக்கு 54 மணியையும் தாண்டக் கூடாது என்கிறது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் என்கிறது 31ஆம் பிரிவு. எனக்குத் தெரிந்த மென்பொருள் ஊழியர்களில் அந்த இரட்டிப்புச் சம்பளத்தைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இப்படி ஒரு பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியாது. வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்தில், திட்டத்தின் தேவைக்கேற்பக் கூடுதல் நேரம் பணியாற்ற வேண்டியிருக்கும் என்று ஒரு வரி இருக்கும். கேம்பஸில் வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும் இருபத்தியொரு வயதுப் பிள்ளை அதைப் படித்துவிட்டு, நமக்கெல்லாம் நேரக் கணக்கு கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி, ஊரில் முதல் ஐ.டி. வேலை என்று வருகிற அந்தப் பிள்ளைக்குச் சட்டம் இதைவிடப் பெரியது என்று சொல்லித்தர யாரும் இல்லை. அந்த இடத்தில் உங்கள் துறை இருக்க வேண்டும்.

எங்கள் வேலை நேரம் எப்படி நீள்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. ஏசி அறை, கேன்டீன், வாசல்வரை வரும் கேப் என்பதுதான் தெரியும்.

நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு அவர்களுடைய கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. வாடிக்கையாளர் கலிபோர்னியாவில் இருந்தால் இரவு 9.30 அல்லது 10.30. அவர்களுடைய நாள் தொடங்கும்போதுதான் அவர்களோடு பேச முடியும், சரி. ஆனால் அதற்காக நம்முடைய காலை தள்ளிப்போவதில்லை. காலை பத்து மணிக்கு இங்கே இருக்கும் குழுவின் ஸ்டாண்டப், அதாவது தினசரி நிலவரக் கூட்டம். சாயங்காலமோ இரவோ வாடிக்கையாளருடன் இன்னொரு கால். நடுவில் கோட் எழுத வேண்டும், அடுத்தவர் எழுதியதைப் பார்க்க வேண்டும், டெஸ்டிங்கில் கிளம்பியதைச் சரிசெய்ய வேண்டும், புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லித்தர வேண்டும். இரவு கால் முடியும் நேரத்தில், “அவங்க நாள் முடியறதுக்குள்ள இதை அனுப்பிடலாமா?” என்று ஒரு கேள்வி வரும். அவர்களுடைய நாள் முடியும்போது நமக்கு விடியற்காலை. கேள்வி மாதிரி இருந்தாலும் அதற்கு ‘முடியாது’ என்ற பதிலுக்கு இடமே கிடையாது.

அப்புறம் ஆன்-கால், அதாவது எந்நேரம் கூப்பிட்டாலும் வேலை பார்க்கத் தயாராகக் காத்திருப்பது. ஒரு வங்கியின் பணப்பரிமாற்ற மென்பொருளோ ஒரு கடைச் சங்கிலியின் இணையதளமோ நடு இரவில் நின்றுபோனால் யாராவது எழுந்து பார்க்கத்தான் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. மருத்துவமனையில் இரவுப் பணி இல்லையா? ஆனால் அங்கே இரவுப் பணி பார்த்த செவிலியர் மறுநாள் காலை வீட்டுக்குப் போகிறார். எங்களில் பெரும்பாலோர் இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்து எழுந்து, நான்கு மணிவரை லாக் எனும் கணினிப் பதிவுகளைத் தேடிப் பிரச்சினையைச் சரிசெய்துவிட்டு, காலை பத்து மணி ஸ்டாண்டப்பில் எல்லோரையும் போல உட்கார வேண்டும். அலாரம் அடிக்காத இரவிலும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அடிக்குமோ அடிக்குமோ என்று அரைத் தூக்கம்தான். அந்தக் காத்திருப்பை வேலை நேரமாகக் கணக்கில் எடுக்கும் நிறுவனம் எதிலும் நான் வேலை பார்த்ததில்லை.

பண்டிகையையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்கச் சில்லறை வணிகத்துக்கு நவம்பர் கடைசி வாரம்தான் பெரிய விற்பனைக் காலம். அதற்கு முந்தைய வாரங்களில் எல்லா மாற்றங்களையும் முடித்துப் பூட்டிவிட வேண்டும். நம்முடைய தீபாவளி அந்த வாரங்களில்தான் வந்து விழும். அதனால் கிளாம்பாக்கத்தில் ஊருக்குப் பஸ் ஏறுகிற பிள்ளைகளின் தோளில் லேப்டாப் பை தொங்குகிறது. அம்மா எண்ணெய் தேய்க்கக் கூப்பிடும்போது பிள்ளை ஹெட்செட்டோடு மொட்டைமாடியில் நிற்கிறது.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை மணி நேரமும் எந்த ஏட்டில் பதிவாகிறது? எதிலுமே இல்லை.

ஒவ்வொரு வாரமும் நாங்கள் டைம்ஷீட் என்ற வேலை நேரக் கணக்கை நிரப்புகிறோம். பல நிறுவனங்களில் ஒரு நாளைக்கு எட்டு அல்லது ஒன்பது மணிக்கு மேல் போட்டால் அந்த மென்பொருளே ஏற்காது. ஏற்கும் இடங்களில் மேனேஜர் திருப்பி அனுப்புவார். “இதை எப்படிங்க கிளையண்ட்கிட்ட காட்டறது? எட்டுன்னு மாத்தி போட்டுடுங்க” என்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மொத்தமாக விலைபேசி எடுத்த புராஜெக்ட் என்றால், கூடுதல் மணி நேரம் கணக்கில் ஏறும்போது அவர் காட்ட வேண்டிய லாபம் குறையும். மணிக்கணக்கில் பில் போடும் புராஜெக்ட் என்றால், கூடுதல் மணிக்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் வேண்டும், அதை அவர் கேட்கத் தயங்குவார். ஆக, எழுபது மணி நேரம் பிடித்த வேலை ஏட்டில் நாற்பது மணி நேரம் என்று நிற்கிறது.

கெடுதல் அதோடு முடிவதில்லை. அடுத்த வருடம் அதே மாதிரி ஒரு வேலைக்கு விலைப்புள்ளி கொடுக்கும்போது, போன முறை நாற்பது ஆனது என்ற பொய்க் கணக்கைத்தான் எடுத்து வைக்கிறார்கள். போட்டி இருப்பதால் முப்பத்தைந்து என்று குறைத்துப் போடுகிறார்கள். சம்பளமில்லாமல் ஒருவர் உழைத்த முப்பது மணி நேரம், அடுத்த குழுவின் தலையில் ஏற்கெனவே எழுதப்பட்ட கடனாக வந்து இறங்குகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. “கோபைலட் இருக்கே, இதுக்கு எதுக்கு மூணு நாள்?” என்ற கேள்வி அன்றாடமாகிவிட்டது. கருவி எழுதிக்கொடுத்ததை வரிவரியாகப் படித்துச் சரிபார்த்து, தவறு நேர்ந்தால் பொறுப்பேற்க வேண்டிய ஆளுக்கான நேரம் அந்த மதிப்பீட்டில் இல்லை.

மணி நேரத்தை அளக்க நிறுவனங்களுக்குத் தெரியாது என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். நாங்கள் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு உள்ளே வந்தோம் என்பது வாசலில் தேய்க்கும் அட்டையில் பதிவாகிறது. அலுவலகத்தில் இருந்த நேரத்தின் மாதச் சராசரி ஒன்பது மணிக்குக் கீழே போனால் எச்.ஆரிடமிருந்து மெயில் வரும் இடங்கள் உண்டு. வாரத்தில் இத்தனை நாள் அலுவலகம் வரவில்லை என்றால் அது ரேட்டிங்கை, அதாவது நிறுவனம் எங்களுக்குப் போடும் மதிப்பீட்டை, தொடும். குறைந்தால் கேட்பதற்கு அளவுகோல் தயாராக இருக்கிறது. கூடினால் கேட்பதற்கு யாரும் இல்லை. கூடினால் கேட்க வேண்டியது அரசு. அதற்காகத்தான் இந்தச் சட்டம்.

இதன் விலையை உடம்பும் மனமும் கொடுக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021 மே மாதம் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் சுமார் 17 சதவீதமும் அதிகம் என்று அது கண்டது. நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புள்ள பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. அந்த 55 என்ற எண்ணையும் நம் சட்டத்தின் 54 என்ற எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆபத்து தொடங்கும் கோட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே 1947இல் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வேலியைக் காப்பது மட்டும்தான் இன்றைக்கு நம் வேலை.

பர்ன்அவுட் எனும் பணிச் சோர்வு பற்றியும் அதே உலக சுகாதார நிறுவனம் 2019இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் அதை ஒரு நோயாக வைக்கவில்லை, வேலையோடு தொடர்புள்ள நிலை என்றே வைத்திருக்கிறது. சரியாகக் கையாளப்படாமல் நீண்ட நாள் தொடர்ந்த பணியிட அழுத்தத்தால் வருவது என்கிறது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி அதன் மேல் வெறுப்பு வருவது, செய்கிற வேலையில் திறன் குறைந்துவிட்டது என்ற உணர்வு ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். எங்கள் பேச்சில் சொன்னால், “லேப்டாப்பத் திறந்தாலே படபடன்னு வருது”, “எதுலயும் பிடிப்பே இல்ல”, “முன்னல்லாம் அரை மணி நேரத்துல முடிக்கிறத இப்போ நாள் பூரா வெச்சிக்கிட்டு முழிக்கிறேன்”. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைப் பிசைவது பலருக்கு உண்டு. பஸ்ஸில் யாரோ ஒருவருடைய போனில் அலுவலகச் செயலியான டீம்ஸின் மணி அடித்தால் திடுக்கிட்டுத் தன் போனை எடுத்துப் பார்க்கிறவர்களை ஓ.எம்.ஆரில் தினமும் பார்க்கலாம். காரணம் பணியிடத்தில் இருக்கிறது என்று உலகமே ஒப்புக்கொண்ட பிறகு, இதை மனநல மருத்துவர்களிடம் மட்டும் தள்ளிவிட முடியாது. பணியிடத்தைக் கேள்வி கேட்கும் அதிகாரம் உங்கள் துறையிடம்தான் இருக்கிறது.

என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு, மென்பொருளை வெளியிடும் ஒரு ரிலீஸ் வாரத்தில் மூச்சு முட்டி, நெஞ்சு இறுகி, கை மரத்துப்போனது. மாரடைப்பு என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இ.சி.ஜி. சரியாகவே இருந்தது. கடுமையான பதற்றத் தாக்குதல், கொஞ்ச நாளாவது வேலையிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். நண்பர் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: “டாக்டர், சர்டிபிகேட்ல வைரல் ஃபீவர்னு எழுதிக் குடுக்க முடியுமா?” அந்த ரிலீஸ் முடிந்து கொஞ்ச காலத்தில் அவர் வேலையை விட்டுவிட்டார். அவ்வளவு நல்ல புரோகிராமரை அதற்கு அப்புறம் நான் அதிகம் பார்க்கவில்லை. இன்று அவர் இந்தத் தொழிலிலேயே இல்லை. அந்த நிறுவனத்தின் பெயரை எழுதி எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் பெயரை மாற்றிப் போட்டாலும் கதை அப்படியேதான் இருக்கும்.

காய்ச்சல் என்று ஏன் எழுதச் சொன்னார் என்று நீங்கள் யோசிக்க வேண்டும். மனநலச் சிகிச்சை என்று தெரிந்தால், “இவருக்கு பிரஷர் தாங்காது” என்ற முத்திரை விழும். அது ரேட்டிங்கில் தெரியும். பெரிய நிறுவனங்கள் ஆலோசகர் எண் கொடுக்கின்றன, யோகா வகுப்பு நடத்துகின்றன. அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை, அவற்றால் பலன் அடைந்தவர்களும் உண்டு. ஆனால் நிறுவனம் கொடுத்த எண்ணில் பேசினால் அது மேனேஜர் காதுக்குப் போகாது என்று ஊழியர்கள் நம்புவதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. நடைமுறையில் எங்களுக்குக் கிடைக்கும் குழுக் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும். வாராவாரம் ஆலோசகரைப் பார்க்கும் செலவு கைக்காசுதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் கிடையாது. புதிதாகச் சேர்கிறவருக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்ற சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாகப் பெரிதாக நகரவில்லை. பி.ஜி. விடுதி வாடகையும் கல்விக் கடன் தவணையும் போன பிறகு அதில் எதை எடுத்து ஆலோசகருக்குக் கொடுப்பது?

இதைப் படிக்கும் சக ஊழியர்களுக்காக ஒரு தகவலை இங்கேயே எழுதிவிடுகிறேன். தாங்க முடியாத நிலையில் இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அது அரசின் சேவை, உங்கள் நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சென்னையில் சினேகா அமைப்பும் 1986 முதல் இந்தப் பணியைச் செய்துவருகிறது. தயவுசெய்து தனியாகச் சுமக்காதீர்கள்.

பிடிக்கவில்லை என்றால் வேறு வேலைக்குப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். 90 நாள் நோட்டீஸ் காலம் இருக்கிறது. வேறு வேலை கிடைத்தாலும் அத்தனை நாள் காத்திருக்க எல்லா நிறுவனமும் ஒப்புக்கொள்வதில்லை. புராஜெக்டிலிருந்து விலகினால் பெஞ்ச், அதாவது வேலை ஒதுக்காமல் காத்திருக்க வைப்பது; பெஞ்சில் நாள் நீண்டால் ராஜினாமா செய்யச் சொல்லி நெருக்கடி. 2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய ஐ.டி. நிறுவனமான டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. அதற்கு அடுத்த மாதம் முழுக்க மற்ற நிறுவனங்களிலும் யாரும் ஆறு மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. மேலே இருந்து ஒரு மெயில்கூட வரவில்லை. பயமே ஆட்களை உட்காரவைத்துவிட்டது. வீட்டுக் கடன் வாங்கியவரும், தங்கை கல்யாணத்துக்குச் சேர்க்கிறவரும், விசா காகிதத்துக்குக் காத்திருக்கிறவரும் இந்த நிலையில் எதையும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

பெண்களுக்கு இது இன்னும் கடினம். ஆறு மாத மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் ஒரு தாய்க்கு, குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைக்கும் நேரம் இரவு எட்டரை. வாடிக்கையாளர் காலும் எட்டரைதான். நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்டால், ‘கமிட்மென்ட் இல்லை’ என்று மதிப்பீட்டில் எழுதுகிறார்கள். திறமை குறைந்து வெளியேறியவர் என்று என் தோழிகளில் ஒருவரையும் என்னால் சொல்ல முடியாது. அந்த எட்டரை மணி கால்தான் அவர்களை வெளியே அனுப்பியது.

சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது 4ஆம் பிரிவு. கடையின் மேலாளரை மனதில் வைத்து எழுதியதாக இருக்கும். ஐ.டி. துறையில் மூன்று நான்கு வருட அனுபவம் வந்தவுடன் ஏதாவது ஒரு லீட் (குழுத் தலைவர்) பட்டம் கொடுத்துவிடுகிறார்கள். அந்த லீடால் யாரையும் வேலைக்கு எடுக்க முடியாது, யாருக்கும் சம்பளம் நிர்ணயிக்க முடியாது, தன் குழுவில் ஒருவருக்கு ஒரு வாரம் விடுப்பு கொடுக்கக்கூட மேலே கேட்க வேண்டும். பட்டத்தை வைத்து முடிவுசெய்யாமல், செய்யும் வேலையை வைத்துத்தான் நிர்வாகப் பொறுப்பா இல்லையா என்று பார்க்க வேண்டும் என்று உங்கள் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் ஆயிரக்கணக்கானோர் சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள்.

அரசு பேசினால் நிலைமை மாறும் என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஐ.டி. ஊழியர்களுக்குத் தொழிலாளர் சட்டமே கிடையாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்கை ஒட்டி 2016இல், ஐ.டி. நிறுவனங்களுக்குத் தொழிற்தகராறுச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை, ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசுதான் தெளிவுபடுத்தியது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததும் அதை நிறுத்திவைத்து, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சரே அறிவித்தார். 2024இல் கர்நாடகத்தில் ஐ.டி. துறைக்கு 14 மணி நேர வேலை நாள் என்ற யோசனை வந்து ஊழியர்கள் கொந்தளித்தபோது, சென்னையில் இருந்த நாங்கள் கொஞ்சம் ஆறுதலோடு இருந்ததற்கு அந்த மே 1 அறிவிப்பு ஒரு காரணம். ஆனால் எழுத்தில் இல்லாத 14 மணி நேரம் இங்கேயும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம் பற்றிப் பேசியது வெளியானது. பல நாள் தொலைக்காட்சிகளில் விவாதம் நடந்தது. உழைப்பு நல்லதா, குடும்பம் முக்கியமா என்றெல்லாம் பேசினார்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது, உங்கள் துறையிலிருந்து ஒரே ஒரு வரி: தமிழ்நாட்டில் வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் சட்டப்படி வேலை வாங்க முடியாது.

2024 ஜூலையில் புனேயில், ஒரு பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நான்கே மாதம் ஆன 26 வயதுப் பெண் இறந்தார். வேலைச் சுமைதான் காரணம் என்று அவருடைய தாய் எழுதிய கடிதம் வெளியாகி நாடே பேசிய பிறகுதான் தொழிலாளர் துறை அதிகாரிகள் அந்த அலுவலகத்துக்குள் போனார்கள். 2007 முதல் இயங்கிய அந்த அலுவலகம் அந்த மாநிலத்தின் கடைகள் சட்டத்தில் பதிவே செய்யாமல் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவர் மென்பொருள் ஊழியர் இல்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த என் வயதுக்காரர்கள் எல்லோரும் தங்கள் அலுவலகத்தைத்தான் நினைத்தார்கள். ஓர் ஆய்வு நடக்க ஒரு மரணமும் ஒரு தாயின் கடிதமும் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் அப்படி நடக்க விடாதீர்கள்.

இனி என்ன செய்யலாம் என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 மே 14 அன்று, ஸ்பெயின் நாட்டுத் தொழிற்சங்கம் ஒன்று டாய்ச்ச வங்கியின் அங்குள்ள கிளை நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு ஊழியரும் ஒவ்வொரு நாளும் செய்யும் வேலை நேரத்தை அளக்க, நம்பத்தகுந்த ஒரு முறையை முதலாளிகள் வைத்திருக்க வேண்டும் என்றது. அளக்காவிட்டால் உச்சவரம்பை மீறியதை ஊழியரால் நிரூபிக்கவே முடியாது என்பதுதான் காரணம். எனக்கு இந்தத் தீர்ப்புதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. வேலை நேரத்துக்கு அப்பால் அழைப்புகளிலிருந்து விலகியிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017இலும், ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நம் மக்களவையிலும் 2018இல் சுப்ரியா சுலே இதற்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்த உரிமையும் வேண்டும். ஆனால் நேரப் பதிவு இல்லாமல் அந்த உரிமை மட்டும் வந்தால் அது ஒப்பந்தத்தில் இன்னொரு வரியாக மட்டுமே இருக்கும்.

நம் மாநிலத்துக்கு இதில் முன்னோடியாக இருக்கத் தகுதி உண்டு. 2021 செப்டம்பரில் இதே கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தீர்கள். கேரளத்துக்கு அடுத்து அதைச் செய்த மாநிலம் நாம்தான். கால் வீங்கி நின்ற பெண்களைப் பார்த்து ஓர் அரசு சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதே சட்டத்தில், தினசரி வேலை நேரத்தை மின்னணு முறையில் பதிவுசெய்து அந்தப் பதிவை ஊழியருக்கும் கொடுக்க வேண்டும் என்று ஒரு பிரிவு சேருங்கள். ஆன்-கால் காத்திருப்புக்குத் தனி ஊதியம், இரவில் எழுந்து வேலை செய்தால் மறுநாள் தாமதமாக வரும் உரிமை, தினசரி வேலை முடிவுக்கும் தொடக்கத்துக்கும் இடையில் குறைந்தது 11 மணி நேர ஓய்வு ஆகியவற்றையும் சேருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த 11 மணி நேர ஓய்வு பல வருடங்களாகச் சட்டமாக இருக்கிறது. அங்கேயும் வங்கிகள் இயங்குகின்றன, மென்பொருள் எழுதப்படுகிறது.

கெடுபிடி செய்தால் நிறுவனங்கள் ஹைதராபாத்துக்கோ பெங்களூருவுக்கோ போய்விடும் என்று உங்களிடம் சொல்வார்கள். 2000ஆம் ஆண்டில் டைடல் பார்க் திறந்த நாளிலிருந்து நிறுவனங்கள் இங்கே வருவது இந்த மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளுக்காகவும், அங்கே படித்து வரும் பிள்ளைகளுக்காகவும்தான். அந்தப் பிள்ளைகள் முப்பத்தைந்து வயதில் சோர்ந்து தொழிலை விட்டுப் போனால் இழப்பு நிறுவனத்துக்கும்தான், மாநிலத்துக்கும்தான். விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் இப்போது மினி டைடல் பூங்காக்கள் இருக்கின்றன. சொந்த ஊரிலேயே வேலை என்பது அருமையான விஷயம். சென்னையின் நள்ளிரவுப் பழக்கத்தையும் சேர்த்து அங்கே அனுப்பிவிடாமல், புதிதாகத் தொடங்கும் இடங்களிலாவது முதல் நாளிலிருந்தே நேரப் பதிவைக் கட்டாயமாக்கலாம்.

சட்டத் திருத்தத்துக்கு நாளாகும் என்பது தெரியும். ஆய்வுக்கு நாளாக வேண்டியதில்லை. உங்கள் ஆய்வாளர்கள் பெருங்குடியிலும் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் சில நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரே மாதத்துக்கான நான்கு பதிவுகளை மட்டும் கேட்கட்டும்: வாசல் அட்டைப் பதிவு, வெளியிலிருந்து அலுவலகக் கணினி வலையமைப்பில் நுழையும் வி.பி.என். லாகின் பதிவு, ஆன்-கால் பட்டியல், டைம்ஷீட். ஒரே ஊழியரின் நான்கு பதிவுகளையும் பக்கத்தில் வைத்தால் மறைந்த மணி நேரம் தானாகத் தெரியும். பழைய காலத்து வருகைப் பதிவேட்டைக் கேட்டால் எட்டு மணி நேரம் என்று அழகாகப் பூர்த்திசெய்த ஒன்றைக் காட்டுவார்கள். அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம்.

புகார் கொடுப்பவரின் பெயர் நிறுவனத்துக்குப் போகக் கூடாது. இந்த ஒரு உறுதி இருந்தால் தகவல் தரப் பலர் முன்வருவார்கள், நானும் வருவேன். 14ஆம் பிரிவையும் 31ஆம் பிரிவையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, ஒவ்வொரு ஐ.டி. வளாகத்தின் கேன்டீனிலும் ஒட்டச் சொல்லுங்கள், ஏனென்றால் அங்கேதான் நாங்கள் கொஞ்ச நேரமாவது திரையை விட்டு நிமிர்ந்து பார்க்கிறோம்.

ஒவ்வொரு ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது உங்கள் துறை கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுகிறது. அடுத்த குறிப்பில் இரண்டு எண்களைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆண்டில் எத்தனை ஐ.டி. நிறுவனங்களில் வேலை நேர ஆய்வு நடந்தது, எத்தனை ஊழியர்களுக்குக் கூடுதல் நேர ஊதியம் வாங்கிக்கொடுக்கப்பட்டது என்பவைதான் அந்த இரண்டும்.

இப்படிக்கு,
சென்னை ஓ.எம்.ஆரில் வேலை செய்யும் ஒரு மென்பொருள் ஊழியர்